ஸ்கேன் சொல்லாத ஒன்றை உன் அப்பா சொல்லியிருக்கிறார்

கேள்வி: டாக்டர், குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 51 வயது. பனையேற்றுதான் தொழில். ஏழு வாரத்துக்கு முன்னால் காலையில் அக்கானி (பதநீர்) இறக்கப் போனவர் காலில் மாட்டும் தளைநார் அறுந்து விழுந்துவிட்டார். சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் கொண்டுபோனார்கள். அன்று ராத்திரியே எம்ஆர்ஐ எடுத்து, மறுநாள் ஆபரேஷன் செய்து, முதுகில் டைட்டானியம் ஸ்க்ரூவும் கம்பியும் வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. டிஸ்சார்ஜ் தாளில் ‘ஆசியா ஏ’ என்று எழுதியிருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில், டி 12 எலும்பு நொறுங்கியிருக்கிறது, டி 11 முதல் எல் 1 வரை தண்டுவடத்தில் வீக்கம், ரத்தக்கசிவு இல்லை என்று இருக்கிறது. இப்போது ஒருவர், புது வகை எம்ஆர்ஐ ஒன்று உண்டு, நரம்பு இழைகளைக் கலர் கலராகக் காட்டும், அதை எடுத்தால் அப்பா நடப்பாரா மாட்டாரா என்று உறுதியாகத் தெரிந்துவிடும், 22,000 ரூபாய் ஆகும் என்கிறார். அம்மா கம்மலைக் கழற்றி வைத்துவிட்டார். எடுக்கலாமா? ஆட்டோவில் தூக்கிப் போட்டுப் போனதால்தான் நரம்பு போயிற்றா? தடவலுக்கு வர்ம ஆசானிடம் கொண்டுபோகச் சொல்கிறார்கள், போகலாமா? மலம் போவதற்கு அம்மா ஆசனவாயில் மருந்து வைக்கும்போது மட்டும் ‘பைய வை, பைய வை’ என்று முகம் சுளிக்கிறார். மற்றபடி கீழே ஒன்றுமே தெரியவில்லை என்கிறார். என்னை உங்கள் மகளாக நினைத்துச் சொல்லுங்கள்.

பதில்:

மகளே,

நீ சொன்னபடியே மகளாக நினைத்து எழுதுகிறேன். முதல் வேலையாக அந்தக் கம்மலை எடுத்து அம்மாவின் காதில் போட்டுவிடு. அந்த ஸ்கேன் இப்போது வேண்டாம். ஏன் வேண்டாம் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டும்.

உன் கடிதத்தில் பெரிய செய்தி ரிப்போர்ட்டில் இல்லை. நீ போகிற போக்கில் கடைசியாக எழுதிய வரியில் இருக்கிறது. மருந்து வைக்கும்போது அப்பா ‘பைய வை’, மெதுவாக வை, என்கிறார். அதாவது அந்த இடத்தில் விரல் படுவது அவருக்குத் தெரிகிறது. அந்த வரியைப் படித்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தண்டுவடத்தின் கடைசி நுனியிலிருந்து வருகிற நரம்புகள்தான் ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலுக்குப் போகின்றன. காயம் பட்ட இடத்தைத் தாண்டி மூளைக்குச் செய்தி போனால்தான் அங்கே தொடுவது அவருக்குத் தெரியும். ‘ஆசியா’ என்பது தண்டுவடக் காயம் எவ்வளவு என்று எழுத்துகளால் தரம் பிரிக்கும் அளவுகோல். ‘ஆசியா ஏ’ என்றால் அங்கே உணர்வும் இல்லை, இறுக்கவும் முடியாது, காயம் முழுமையானது என்று பொருள். அங்கே உணர்வு இருந்தால், கால் ஒரு நூல்கூட அசையாவிட்டாலும், அது ‘ஏ’ இல்லை. குறைந்தது ‘பி’. அதைக் காயம் முழுமையாகாத நிலை என்போம். அங்கே குண்டூசி குத்துவதும் தெரிந்தால் இன்னும் நல்லது. வலியைக் கொண்டுபோகும் பாதையும் காலை அசைக்கச் சொல்லும் கட்டளையைக் கொண்டுவரும் பாதையும் தண்டுவடத்தில் அக்கம்பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்று தப்பியிருந்தால் மற்றதும் கொஞ்சம் தப்பியிருக்க வாய்ப்புண்டு.

நடந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் முகம் சுளிப்பது மேல்வயிறு இழுத்துப் பிடிப்பதாலா, உண்மையிலேயே அங்கே உணர்வு இருப்பதாலா என்பதை ஒரு டாக்டர் கையுறை போட்டு விரல் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் அதைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே பார்க்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் தாளில் ‘ஏ’ என்று எழுதியவரைக் குறை சொல்லாதே. தண்டுவடத்தில் பெரிய அடி விழுந்ததும் காயத்துக்குக் கீழே எல்லாம் அணைந்துபோகும். முழங்காலில் தட்டினால்கூடக் கால் துள்ளாது. தண்டுவட அதிர்ச்சி என்று அதற்குப் பெயர். சிலருக்கு நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் இருக்கும். அந்த நேரத்தில் எடுத்த கணக்கு அன்றைய கணக்குத்தான். அதனால்தான் முதல் பரிசோதனையோடு நிறுத்தாமல் 72 மணி நேரம் கழித்தும், பிறகு மாதங்கள் இடைவெளி விட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்கிறோம். டிஸ்சார்ஜ் தாளில் ஏறிய எழுத்து அப்படியே நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்த மனிதர் மாறிக்கொண்டே இருக்கிறார்.

அந்தப் பரிசோதனைக்கு மெஷின் எதுவும் வேண்டாம். கொஞ்சம் பஞ்சு, ஒரு சேஃப்டி பின், பொறுமையுள்ள ஒரு டாக்டர், இவ்வளவுதான். உடம்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களைத் தொட்டும் குத்தியும் பார்ப்பார்கள். கையில் 5, காலில் 5 என்று ஒவ்வொரு பக்கமும் 10 தசைகளின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். கடைசியில் ஆசனவாயில் விரல் வைத்து, அழுத்தம் தெரிகிறதா, இறுக்க முடிகிறதா என்று கேட்பார்கள். நம்மூர் ஆண்கள் இதற்குக் கூச்சப்பட்டு ‘அதெல்லாம் வேண்டாம்’ என்பார்கள். சில நேரம் டாக்டர்களே நேரமில்லை என்று விட்டுவிடுவதும் உண்டு. அப்பாவிடம் நீ பேச முடியாது. அம்மாவோ சித்தப்பாவோ பக்குவமாக எடுத்துச் சொல்லட்டும்: அந்த ஒரு நிமிஷப் பரிசோதனை 22,000 ரூபாய் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

இனி ஸ்கேனுக்கு வருகிறேன். நாகர்கோவிலில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இந்தப் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் பிழைப்பு. எம்ஆர்ஐ மேல் எனக்கு மரியாதை மட்டுமல்ல, பாசமே உண்டு. அது வருவதற்கு முன்னால், முதுகில் ஊசி போட்டு மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். மைலோகிராம் என்று பெயர். தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீர் எங்கே தடைபடுகிறது என்று பார்க்கலாம், தண்டுவடத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே கிடையாது. 1973இல் பால் லாட்டர்பர் என்ற விஞ்ஞானி இரண்டு சிறிய குழாய்களில் இருந்த தண்ணீரைக் காந்தத்தைக் கொண்டு படமாக்கிக் காட்டினார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று உன் அப்பாவின் தண்டுவடத்துக்குள்ளே வீக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடிவது அந்த இரண்டு தண்ணீர்க் குழாய்களில் ஆரம்பித்த கதை.

மெஷின் செய்வது இதுதான். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. 1.5 டெஸ்லா மெஷினின் காந்த பலம் பூமியின் காந்தத்தைப் போல முப்பதாயிரம் மடங்கு வரும். அதற்குள் படுத்ததும் ஹைட்ரஜனின் உட்கருக்கள் காந்தத்தின் திசையில் மெல்ல ஒருமுகப்படும். ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது கொடுக்கும் சமிக்ஞையைப் பிடித்துப் படமாக்குகிறோம். எக்ஸ்ரே கதிர் கிடையாது. எலும்பு எப்படி உடைந்திருக்கிறது என்று பார்க்க சிடி ஸ்கேன்தான் நல்லது. தண்டுவடம், டிஸ்க், தசைநார், இவற்றுக்கு எம்ஆர்ஐ.

உன் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது ரத்தக்கசிவு. தண்டுவடத்தின் நடுவே ரத்தம் கசிந்திருந்தால், தண்ணீரை வெள்ளையாகக் காட்டும் படத்தில் முதல் சில நாட்களுக்கு அது கறுப்புப் பொட்டாகவும், சுற்றிலும் வெள்ளையாகவும் தெரியும். அப்படி இருந்தால் மீள்வது கடினம். எங்கள் துறையில் திரும்பத் திரும்பச் சரியென்று தெரிந்த விஷயம் இது. உன் அப்பாவுக்கு ரத்தக்கசிவு இல்லை, வீக்கம் மட்டும். இது நல்ல பக்கத்தில் வைக்க வேண்டிய தகவல். அடுத்தது வீக்கத்தின் நீளம். நீளம் கூடக்கூட நிலைமை மோசம். ஆனால் அடிபட்டு ஓரிரு நாளில் அந்த வீக்கம் மேலும் கீழும் பரவக்கூடியது. அன்று ராத்திரி எடுத்த படம் முழு நீளத்தைக் காட்டியிருக்காது. டி என்பது மார்புப் பகுதி முதுகெலும்பு, எல் என்பது அதற்குக் கீழே இடுப்புப் பகுதி முதுகெலும்பு. டி 11 முதல் எல் 1 வரை என்பதை அந்த அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, காயம் பட்ட இடம். இதை யாரும் உனக்கு விளக்கியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தண்டுவடம் இடுப்பு வரை போவதில்லை. பெரியவர்களுக்கு எல் 1 அல்லது எல் 2 அருகிலேயே கூம்பாக முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரையின் வால் மயிர் போல நரம்பு வேர்கள்தான் தொங்கும். டி 12இல் எலும்பு நொறுங்கும்போது அந்தக் கூம்பிலும் அடிபடும், பக்கத்தில் இறங்கும் நரம்பு வேர்களிலும் அடிபடும். கூம்பில் பட்ட அடியால் சிறுநீர், மலம் இரண்டிலும் கஷ்டம் நீண்ட நாள் இருக்கலாம். அதை மறைத்து ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் நரம்பு வேர்கள் கையிலும் காலிலும் ஓடும் நரம்புகளின் இனம். தண்டுவடத்தைவிட அவற்றுக்கு மீளும் சக்தி அதிகம். மெதுவாக, மாதக்கணக்கில் மீளும். எனவே ஏழு வாரத்தில் கால் அசையவில்லை என்பதை முடிந்துபோன கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மீட்சியின் பெரும்பகுதி முதல் ஆறு, ஒன்பது மாதங்களில் நடக்கும். அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக மீள்பவர்கள் உண்டு.

நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ரப்பர் தோட்டத்துச் சரிவில் விழுந்த ஒருவரின் படத்தைப் பார்த்துவிட்டு, அவர் மனைவியிடம் ‘தண்டுவடம் போய்விட்டது, இனி எதிர்பார்க்காதீர்கள்’ என்று சொன்னேன். படத்தைப் பார்த்தேனே தவிர, அவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அவர் இரண்டு ஊன்றுகோலோடு என் அறைக்குள் நடந்து வந்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. ‘நீங்க சொன்னதுக்கு அப்புறம் ஆறு மாசம் எனக்கு யாரும் கால் பயிற்சியே கொடுக்கலை டாக்டர்’ என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து, படத்தை வைத்து ‘நடப்பார்’, ‘நடக்க மாட்டார்’ என்ற இரண்டு வார்த்தைகளையும் நான் சொல்வதில்லை. உனக்கு அந்தக் கலர் ஸ்கேனைச் சொன்னவர் சொல்வது அந்த இரண்டு வார்த்தைகளைத்தான்.

இனி அந்தக் கலர் படம். அது பொய்யான ஸ்கேன் இல்லை. டிஃப்யூஷன் டென்சர் படம் என்று பெயர். பனங்கட்டையை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே கறுப்பு நார் எப்படி ஓடும் என்று உன் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரம் நாரோடு நெடுக்காக வேகமாகப் போகும், குறுக்கே எளிதில் போகாது. தண்டுவடத்தின் நரம்பு இழைகளும் அப்படித்தான். இழைகள் ஒழுங்காக இருந்தால் அவற்றுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் நெடுக்காகவே அசையும். இழை அறுந்தால், சிதைந்தால் தண்ணீர் எல்லாத் திசையிலும் பரவும். இந்த ஒழுங்கை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாக அளக்கிறார்கள். எண் 1ஐ நெருங்கினால் ஒழுங்கு அதிகம். அடிபட்ட இடத்தில் எண் இறங்கும். அந்த எண்களைக் கோடாக இழுத்து நிறம் கொடுத்தால் நீ கேள்விப்பட்ட கலர் படம் கிடைக்கும். அந்தக் கோடுகள் கணினி கணக்குப் போட்டு வரைந்தவை, நரம்பைப் பிடித்த போட்டோ இல்லை. இதை யாரும் நோயாளியின் வீட்டாரிடம் சொல்வதில்லை.

உன் அப்பாவுக்கு அது ஏன் பயன்படாது? தண்டுவடம் ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன்தான். நாடி துடிக்கும்போதெல்லாம் சுற்றியுள்ள நீரோடு சேர்ந்து அதுவும் அசைகிறது. மூச்சு விடும்போது முதுகே நகர்கிறது. தலைக்குள் அழகாக எடுக்க முடிகிற இந்தப் படத்தை முதுகில் தெளிவாக எடுப்பதே பெரிய பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, உன் அப்பாவின் காயத்தைச் சுற்றி ஸ்க்ரூவும் கம்பியும் இருக்கின்றன. டைட்டானியம் காந்தத்துக்கு ஆபத்தில்லாதது, பழைய எஃகுக் கம்பிகளைவிடப் படத்தைக் குறைவாகக் கெடுப்பது. ஆனாலும் உலோகத்தைச் சுற்றிக் காந்தப் புலம் கோணுகிறது. டிஃப்யூஷன் படம்தான் அந்தக் கோணலை எல்லாவற்றையும்விட மோசமாகக் காட்டும். எந்த இடத்தை நீ பார்க்க நினைக்கிறாயோ சரியாக அந்த இடத்தில்தான் படம் நெளிந்து கறுத்துப்போகும். அங்கே கோடு அறுந்து தெரிந்தால் நரம்பு அறுந்ததா, கம்பி மறைத்ததா என்று நேர்மையான எந்த ரேடியாலஜிஸ்ட்டாலும் சொல்ல முடியாது. அம்மாவின் கம்மலைக் கொடுத்து வாங்கி வருவது அந்தக் கறுப்புத்தான்.

ஆராய்ச்சிக் கூடங்களில் இதை நான் ஆவலோடு கவனிக்கிறேன். நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கும் முறை உண்டு. தண்டுவடத்துக்குள் எந்த வேதிப்பொருள் குறைந்திருக்கிறது என்று படமே எடுக்காமல் வரைகோடாகக் காட்டும் எம்ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோபி உண்டு. நரம்பணுக்கள் நலமாக இருப்பதற்கு அடையாளமான ஒரு பொருள் காயத்தில் குறைவதை அது காட்டும். விரலைத் தொடும்போது தண்டுவடத்தின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. இவை எல்லாம் பல நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது நிறையக் கற்றுத்தருகின்றன. படுத்திருக்கும் ஒரு மனிதருக்கு, ‘உங்கள் தண்டுவடம் இப்படித்தான் ஆகும்’ என்று தனியாகத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு இன்னும் வளரவில்லை.

புது முறைகளில் எனக்கு அதிகம் பிடித்தது, சாதாரண எம்ஆர்ஐ படத்திலேயே பார்க்க முடிகிற ஒன்று. வீக்கம் வடிந்தபின் காயம் பட்ட இடத்தில் நீர் நிறைந்த ஒரு குழி நிற்கும். அதன் முன்புறமோ பின்புறமோ கெடாத தண்டுவடம் ஒரு வரம்பு போல மிஞ்சியிருக்கிறதா என்று அளக்கிறார்கள். வயலில் மடை உடைந்தாலும் ஓரமாக மிஞ்சிய வரப்பில் நடந்து போகிறோமே, அதுபோல. வரப்பு அகலமாக மிஞ்சியவர்கள் அதிகம் மீள்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உன் அப்பாவுக்கு ஆபரேஷனுக்கு முன் எடுத்த படத்தின் சிடியைப் பத்திரமாக வை. ஃபிலிமைவிட அதுதான் முக்கியம். பின்னால் எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அப்படி நேரும் சந்தர்ப்பங்களும் உண்டு. இவற்றில் ஒன்று வந்தால் நாள் கடத்தாதே. இதுவரை உணர்வு இருந்த இடத்தில் மரப்பு ஏறிக்கொண்டே போனால், புதிதாக எரிச்சலோ வலியோ முதுகில், மார்பில், கையில் வந்தால், இருந்த பலம் குறைந்தால் எம்ஆர்ஐ கட்டாயம். காயம் பட்ட இடத்திலிருந்து தண்டுவடத்துக்குள்ளேயே நீர்க்கட்டி வளர்ந்து மேலே ஏறலாம். மாதங்கள், சில நேரம் வருஷங்கள் கழித்தும் வரும். காய்ச்சலோடு முதுகுத் தழும்பு சிவந்தாலும் உடனே போக வேண்டும்.

எப்போது ஸ்கேனுக்குப் போனாலும், கீழே உணர்வில்லாத நோயாளி என்று டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடு. சாதாரண நோயாளிக்கு எங்கேயாவது சுட்டால் ‘சுடுகிறது’ என்று பெல்லை அமுக்குவார். உன் அப்பாவுக்குச் சுடுவதே தெரியாது. இரண்டு தொடையும் கெண்டைக்காலும் ஒன்றோடொன்று ஒட்டாதபடி நடுவில் துணி வைக்கச் சொல். தோலோடு தோல் ஒட்டிய இடத்தில் ரேடியோ அலையால் சூடு பிடித்துக் கொப்பளிக்கலாம். ஸ்கேன் மேஜை கடினமானது, அரை மணி முக்கால் மணி அசையாமல் படுக்க வேண்டும். வால் எலும்புக்கும் குதிகாலுக்கும் பஞ்சு மெத்தை வேண்டும். மூத்திரப் பையைக் காலி செய்துவிட்டு உள்ளே போகட்டும். கழுத்துச் சிலுவை, அரைஞாணில் கோத்த தகடு, தாயத்து, எல்லாம் கழற்ற வேண்டும். இதே கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: மார்பின் நடுப்பகுதிக்கு மேலேயோ கழுத்திலோ அடிபட்டவர்களுக்கு, பை நிறைந்து மூத்திரம் தடைபட்டால் ஸ்கேனுக்குள்ளேயே ரத்த அழுத்தம் எகிறித் தலை வெடிப்பதுபோல வலிக்கும். அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆட்டோ விஷயம். சித்தப்பா இதை மனதில் போட்டு அரித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். பனை உயரத்திலிருந்து விழும்போது எலும்பு வெடித்துத் துண்டு பின்னால் பாய்வது கண் மூடித் திறக்கும் நேரத்தில் முடிந்துவிடும். சேதத்தின் பெரும்பகுதி அந்த நொடியில்தான். தூக்கியதால் எவ்வளவு கூடியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உயிர் பிழைக்க வேண்டும் என்றுதான் தூக்கினார்கள். மறுநாளே ஆபரேஷன் நடந்ததும் அவர்கள் வேகமாகக் கொண்டுபோனதால்தான். தண்டுவடத்தின் மேல் இருக்கும் அழுத்தத்தை 24 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது என்பதுதான் இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல். சித்தப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு. ஆனால் ஊரில் பனையேறும், தென்னையேறும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது: விழுந்தவரைக் கை கால் பிடித்துத் தூக்காதீர்கள், உட்கார வைத்துப் பார்க்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். கட்டாயம் நகர்த்த வேண்டுமென்றால் தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கட்டையாகத் திரும்பும்படி நான்கு பேர் சேர்ந்து ஒரு பலகையில் ஏற்றுங்கள்.

ஆசானிடம் போகலாமா என்று கேட்டாய். வர்மமும் தடவலும் நம் மாவட்டத்தின் சொத்து. சுளுக்குக்கும் சதைப்பிடிப்புக்கும் நானே போயிருக்கிறேன். ஆனால் ஸ்க்ரூ வைத்த முதுகை யாரும் அழுத்தவோ, திருப்பவோ, நீவவோ கூடாது. எலும்பு ஒட்ட மாதங்கள் ஆகும். உணர்வில்லாத காலுக்குக் கொதிக்கும் ஒத்தடமும், சுடு எண்ணெயும் கூடாது. தோல் வெந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும், ஆறவும் மாதக்கணக்காகும். நல்ல ஆசான் இதைக் கேட்டால் தானே விலகிக்கொள்வார்.

அந்த 22,000 ரூபாய் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறேன். கம்மலை வைத்து வாங்கினால் அது கடன்தான். இருந்தாலும் செலவழித்தே தீர வேண்டுமென்றால் காற்று மெத்தைக்குச் செலவழி. இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பதற்கு ஆள் முறை வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியும் சேர்த்து. வால் எலும்பையும் குதிகாலையும் தினம் ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தியும் சிவப்பு மறையாவிட்டால் அந்த இடத்தின் மேல் படுக்க விடாதீர்கள். மூத்திரம் போக வைத்த நிரந்தரக் குழாய் இன்னும் இருக்கிறதென்றால், நாலைந்து மணிக்கு ஒரு முறை தானே சுத்தமாகக் குழாய் விட்டு மூத்திரம் எடுத்துக் கழற்றிவிடும் முறையை அவருக்கு முடியுமா என்று கேளுங்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது அது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே போக வேண்டும். மூட்டுகள் இறுகாமல் தினமும் இரண்டு வேளை கால்களை ஆட்டி விட வேண்டும். மூட்டு இறுகியிருந்தால் நரம்பு மீண்டு வந்தாலும் பயனில்லை. என் அறைக்கு ஊன்றுகோலோடு வந்தவர் சொன்னது இதைத்தான்.

மறுவாழ்வு மருத்துவம் என்று தனித்துறையே உண்டு. நம் நாட்டில் அது வேரூன்றிய கதையை அப்பாவுக்குச் சொல். வேலூரில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவை இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே தண்டுவடக் காயம் பட்டவர்களைத் தங்கவைத்து, அவர்களுக்கும் வீட்டாருக்கும் எல்லாம் கற்றுத்தருகிறார்கள். வேலூர் தூரமென்றால் தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கல்லூரி மாணவராக இருந்தபோது கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981இல் அதைத் தொடங்கினார். அப்பாவைப் போல இருந்தவர்கள் தொடங்கிய இடங்கள் இவை. ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்பதைவிட அங்கே ஒரு தடவை போய்வருவது அவருக்கு நல்லது.

பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் அப்பா பதிந்திருந்தால் விபத்து உதவிக்கு உடனே மனுக் கொடுங்கள், கால வரம்பு இருக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மாதாந்திர உதவித்தொகைக்கும் நாகர்கோவில் கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் வலிநிவாரணச் செவிலியரும் வீட்டுக்கே வருவார்கள். ஊர் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும், காசு கிடையாது.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ஆபரேஷன் செய்த டாக்டரிடமோ அப்பாவை ஆம்புலன்ஸில் கொண்டுபோ. டிஸ்சார்ஜ் தாள், ஸ்கேன் சிடி, ஆபரேஷன் குறிப்பு மூன்றும் கையில் இருக்கட்டும். ‘ஆசியா பரிசோதனையை மறுபடி முழுதாகச் செய்து தாளில் குறித்துத் தாருங்கள், ஆசனவாய்ப் பரிசோதனையும் சேர்த்து. மருந்து வைக்கும்போது அவருக்குத் தெரிகிறது’ என்று சொல். கூச்சப்படாமல் இந்த வார்த்தைகளையே சொல். அவர்கள் செய்தபின், அங்கே தொடுவது தெரிந்ததா, குத்துவது தெரிந்ததா, இறுக்க முடிந்ததா என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள். அந்தத் தாளின் நகலை எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அதுவரை, ‘பைய வை’ என்று அப்பா சொல்லும் ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வை.